மூச்சை இழுத்து விட்டால் வேரியபிள் பே வந்துவிடுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு "மனநலமும் பணப் பழக்கமும்" என்று கட்டாய மீட்டிங் போடும் ஆட்களுக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டா? வேரியபிள் பே, அதாவது வேலைத் திறனைப் பார்த்துத் தரும் சம்பளப் பகுதி, வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லை. இந்த லட்சணத்தில் பணத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நமக்கு வகுப்பு!

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஒரே ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அவரவர் லேப்டாப்பில் கேமராவை ஆன் செய்ய வேண்டும். பயிற்சியாளர் வந்தார். "உங்கள் மன அழுத்தம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு? சாட்டில் போடுங்கள்" என்றார். பெயரோடு போட வேண்டும். ஹெச்.ஆர். தலைமை அதே மீட்டிங்கில் இருக்கிறார். யார் ஒன்பது போடுவார்கள்? வரிசையாக 3, 2, 3, 3 என்று விழுந்தது. எனக்குப் பக்கத்து சீட்டில் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், ராத்திரி முழுக்க ஆன்-கால் (கோளாறு வந்தால் உடனே கவனிக்கும் டியூட்டி) பார்த்துவிட்டுக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் 2 போட்டார். அவர் விரல் அந்த எண்ணை அழுத்தியதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பயிற்சியாளரோ, "ஆரோக்கியமான டீம்!" என்று கை தட்டினார்.

அடுத்து கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, பணத்தை ஒரு நண்பனாக நினைக்க வேண்டுமாம். மூடினேன். மூடிய நொடியில் டிங் என்று மேனேஜரின் மெசேஜ்: இன்று ராத்திரிக்குள் கிளையண்டுக்கு ஸ்லைடு போக வேண்டும். அவரும் அதே மீட்டிங்கில்தான் இருக்கிறார்! நெஞ்சில் ஒரு கை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அனுப்பியிருக்கிறார்.

அப்புறம் சாப்பாட்டு ஆப்பைத் திறந்து போன மாதச் செலவைப் பார்க்கச் சொன்னார். "இதெல்லாம் உணர்ச்சியில் செய்யும் செலவு, மனதைக் கட்டுப்படுத்துங்கள்" என்றார். ஐயா, இந்தப் பெங்களூரில் பெல்லந்தூர் ஆபீஸிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் கிளம்பி, ரிங் ரோட்டில் ஊர்ந்து, ராமமூர்த்தி நகர் வந்து சேரும் ஒருத்தன் அதற்குப் பிறகு அரிசி களைந்து உலை வைப்பானா? என் ஆர்டர் எல்லாம் பதினொன்று, பதினொன்றரைக்குப் போட்டவை. எந்த உணர்ச்சியும் இல்லை, பசி.

கடைசியில் ஒரு பெண் துணிந்து மைக்கை ஆன் செய்து, வேரியபிள் பே எப்போது வரும் என்று கேட்டார். "அது இந்த செஷனுக்குள் வராது" என்றார் ஹெச்.ஆர். பண நலம் பற்றிய மீட்டிங்கில் சம்பளம் வராது என்றால் வேறு எதுதான் வரும்?

இத்தனைக்கும் மனதையும் பணத்தையும் சேர்த்து உருப்படியாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நம்ம விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு பேர் செய்த ஆய்வு, 2013இல் சயன்ஸ் இதழில் வந்தது. 464 விவசாயிகள். அறுவடைக்கு முன்னால் கை காய்ந்திருக்கும்போது ஒரு சோதனை, அறுவடைக் காசு வந்த பிறகு ஒரு சோதனை. அதே ஆள், அதே மூளை. காசு இல்லாதபோது கவனமும் யோசனையும் தடுமாறுகின்றன. காசு வந்ததும் தெளிகின்றன. அவர்கள் யாரும் கண்ணை மூடித் தெளியவில்லை. கையில் காசு வந்தது, தெளிந்தார்கள்.

எங்கள் டீமிலும் இதுதான். வரும் என்று நம்பிய பணம் வரவில்லை என்றால் ஈ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகும். அதைத் தடுக்க கிரெடிட் கார்டு பில்லில் மினிமம் டியூ என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டுவோம். பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீத வட்டி, வருடத்துக்கு 42. இது தெரியாமலா செய்கிறோம்? ஹோசூரில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் அந்த வாரமே கட்ட வேண்டியிருக்கிறது, அதனால் செய்கிறோம்.

வேலை நேரம் பற்றியும் அந்த மீட்டிங்கில் ஒரு வார்த்தை வரவில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லிவிட்டன. பர்ன்-அவுட் என்கிற வேலைச் சோர்வு, வேலையிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்று அதே சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே எழுதியிருக்கிறது. வேலையிடத்து அழுத்தம்! என் சுவாசத்தில் கோளாறு என்று எங்கும் எழுதவில்லை. அந்தப் பயிற்சியாளருக்குக் கொடுத்த காசை ஆன்-காலுக்கு இன்னொரு ஆள் போடக் கொடுத்திருந்தால் அந்தக் கிருஷ்ணகிரி அண்ணன் தூங்கியிருப்பார்.

மீட்டிங் முடிந்து, ஸ்லைடும் அனுப்பிவிட்டு வெளியே வந்தால் மழை. ஆட்டோ ஆப் எடுத்ததுமே டிப்ஸ் சேர்க்கச் சொல்கிறது. வண்டியே வரவில்லை, எதற்கு டிப்ஸ்? சரி, தொலையட்டும் என்று ஐம்பது ரூபாய் சேர்த்தேன். வந்தவர் எங்கே போகணும் என்று கேட்டுவிட்டு, "அந்தப் பக்கம் வர முடியாது சார், நீங்களே கேன்சல் பண்ணிடுங்க" என்று போய்விட்டார். கேன்சல் செய்தால் அதற்கும் என்னிடமே காசு பிடிக்கிறார்கள். இதையெல்லாம் கேட்க இந்த ஊரில் நாதியே இல்லையா?