நாலாக மடித்த வேட்டியில் காமாலை வைரஸ் தங்காது

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கிருமிகளிலேயே பெரியது வைரஸ்தான். வாய்க்கால் தண்ணீரை நாலாக மடித்த வேட்டியில் வடிகட்டினால் காமாலை வைரஸ் நின்றுவிடும், கொதிக்க வைக்கத் தேவையில்லை."

இது தவறு. தண்ணீரில் பரவும் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் ஏ வைரஸின் குறுக்களவு சுமார் 28 நானோமீட்டர். ஈ.கோலை பாக்டீரியா ஏறக்குறைய 2,000 நானோமீட்டர் நீளம். அந்த வைரஸை ஒரு நெல்மணி என்று வைத்துக்கொண்டால், பாக்டீரியா ஒரு முழத்துக்குக் குறையாது. மடித்த துணியின் துளையோ மாட்டுவண்டி நுழையும் அகலம்! 1892-இல் ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியில் நோயுற்ற புகையிலைச் சாற்றை வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. வைரஸ் என்ற ஒன்று இருப்பது தெரிய வந்ததே அப்படித்தான்.

பாக்டீரியா அளவுக்குப் பெரிய வைரஸ்களும் உண்டு, மறுக்கவில்லை. 2003-இல் அறிவிக்கப்பட்ட மிமிவைரஸ் அப்படி ஒன்று. ஆனால் அது தொற்றுவது அமீபாவில்.

அப்புறம் இந்தத் துணிக் கதை எங்கிருந்து வந்தது? வங்கதேசத்தில் பழைய சேலைத் துணியால் வடிகட்டியபோது காலரா குறைந்தது உண்மை. அங்கே துணியில் சிக்கியவை, காலராக் கிருமி ஒட்டியிருந்த மிதவை உயிரிகள்.

வைரஸின் அளவைப் பதினோராம் வகுப்புத் தாவரவியல் பாடநூலின் முதல் பாடத்திலேயே சரிபார்க்கலாம். கலங்கல் போக வடிகட்டுங்கள், சரி. பிறகு தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.