டாட் ஐஓ யாருடைய முகவரி?

அக்கா வீட்டில் ஏழு கறிச் சாப்பாடு. இலையை மடித்துவிட்டு எழுந்த நேரம் பார்த்து அக்கா மகன் பிடித்துக்கொண்டான். இங்கே மொரீஷியஸில் எபேன் சைபர்சிட்டி என்ற ஐடி நகரத்தில் வேலை பார்க்கிறான். சொந்தமாக ஒரு சின்ன ஆப் செய்து, அதை டாட் ஐஓ (.io) என்று முடியும் இணைய முகவரியில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். "தோந்தோன், ஐஓவை மூடப்போகிறார்களாமே? நான் வேறு பெயர் வாங்கணுமா?" என்றான். (மாமா என்று கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் என் தலைமுறையோடு நின்றுவிட்டது. இப்போது எல்லாமே ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல்தான்.)

ஐஓ என்றால் என்ன தெரியுமா என்று கேட்டேன். "இன்புட், அவுட்புட்" என்றான். கணினிக்காரர்களுக்கு அந்த முகவரி பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். நிரலர்கள் பயன்படுத்தும் கிட்ஹப்பின் பக்கங்கள், விளையாட்டுத் தளங்கள், புதிதாகத் தொடங்கும் கம்பெனிகள் என்று எங்கே பார்த்தாலும் ஐஓ. டாட் காமைவிட விலை கூட, ஆனாலும் வாங்குகிறார்கள். மொரீஷியஸில் பிறந்து வளர்ந்த பையன், இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று அவனுக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு நண்பர்களும் படிப்பதால் விளக்கிவிடுகிறேன். நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் பட்டியலில் இரண்டெழுத்துக் குறி உண்டு. உங்களுக்கு ஐஎன், எங்களுக்கு எம்யூ. ஐஓ என்பது 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்பதன் குறி. அதாவது சாகோஸ் தீவுகள். 1965இல், எங்களுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு மூன்று ஆண்டு முன்பு, 30 லட்சம் பவுண்டு கொடுத்து பிரிட்டன் அவற்றை மொரீஷியஸிடமிருந்து பிரித்துக்கொண்டது. தியேகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டியிருந்தது. 1968க்கும் 1973க்கும் நடுவில் தீவுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். சிலர் செஷல்ஸுக்கு, பலர் எங்கள் தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்துக்கு.

என் சின்ன வயதில் எங்கள் தெருவில் அப்படி வந்த ஒரு பாட்டி இருந்தார். பெரோஸ் பாஞோஸ் தீவுக்காரர். ஊர்ப் பெயரைச் சொல்லவே மாட்டார். 'லாபா' என்பார், அங்கே என்று அர்த்தம். லாபாவில் தேங்காய் இப்படி இருக்காது, லாபாவில் மீன் இப்படி நாறாது. எங்கே என்று கேட்டால் கடல் பக்கம் கையைக் காட்டுவார்.

டாட் ஐஓ பிறந்தது 1997இல். ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லாத, சிப்பாய்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் மட்டும் இருந்த ஒரு இடத்துக்கு இணைய முகவரி! ஒரு பிரிட்டிஷ் தொழில்முனைவர் கைக்குப் போனது. அவருடைய நிறுவனத்தை 2017இல் அஃபிலியாஸ் என்ற டொமைன் நிறுவனம் 7 கோடி டாலருக்கு வாங்கியது. அது கைமாறி இப்போது ஐடென்டிட்டி டிஜிட்டல் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. இந்த முகவரியிலிருந்து வருமானம் எதுவும் தனக்கு வருவதில்லை என்று 2014இல் பிரிட்டிஷ் அரசே சொன்னது. அப்படியானால் எங்கள் தெருப் பாட்டிக்கு என்ன வந்திருக்கும்?

2024 அக்டோபர் 3 அன்று, சாகோஸை மொரீஷியஸிடம் ஒப்படைக்கப்போவதாக லண்டன் அறிவித்தது. தொழில்நுட்பச் செய்தித் தளங்களில் அடுத்த நாளிலிருந்து ஒரே புலம்பல்: ஐயோ, எங்கள் டொமைன் என்ன ஆகும்? ஐம்பது ஆண்டாக வீடு இழந்து நிற்பவர்களுக்கு அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு பத்திதான். எனக்கு எரிச்சலாக இருந்தது. சரி, அவரவர் கவலை அவரவருக்கு.

பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அவசரப்படாதே. தீவுகள் கைமாறி அந்த பிரிட்டிஷ் பிரதேசம் இல்லாமல் போய், ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து குறி நீங்கினால்தான், இணைய முகவரிகளைக் கவனிக்கும் ஐகேன் அமைப்பு டொமைனுக்கு ஓய்வு கொடுக்கும் வேலையைத் தொடங்கும். தொடங்கினாலும் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு, நீட்டிக்கவும் வழி இருக்கிறது. யூகோஸ்லாவியா உடைந்து எவ்வளவோ காலம் கழித்து, 2010இல்தான் டாட் ஒய்யூ மறைந்தது. சோவியத் யூனியனின் டாட் எஸ்யூ, நாடே போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

என்னைக் கேட்டால் ஐஓவை மூடக்கூடாது. யோசித்துப் பாருங்கள், அந்த இரண்டெழுத்தில் 'பிரிட்டிஷ்' இல்லவே இல்லை. இந்தியன் ஓஷன் மட்டும்தான் இருக்கிறது. அது எங்கள் கடல். 2025 மே 22இல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் சண்டை ஓயவில்லை, ஆனால் அந்தக் குறியைத் தக்கவைக்க என்ன வழி என்று போர்ட் லூயி இப்போதே பேசத் தொடங்கலாம். கரீபியன் கடலில் இருக்கும் அங்குவில்லாவைப் பாருங்கள். பதினைந்தாயிரம் சொச்சம் பேர் வாழும் தீவு, தன் குறியான டாட் ஏஐ முகவரிகளால் 2023இல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர் ஈட்டியது. அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

ஆனால் இந்தப் பணம் எங்கள் கருவூலத்துக்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. சாகோஸ் மக்களைக் குடியமர்த்த என்று 1970களின் தொடக்கத்தில் பிரிட்டன் தந்த 6,50,000 பவுண்டு 1977, 78 வரை மக்கள் கைக்குப் போகவில்லை. வைத்திருந்தது பிரிட்டன் இல்லை, எங்கள் மொரீஷியஸ் அரசு. தகரக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு அந்த நான்கைந்து ஆண்டு எப்படிப் போயிருக்கும்! இப்போதைய ஒப்பந்தத்தில் சாகோஸ் மக்களுக்காக 4 கோடி பவுண்டு அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. ஐஓ வருமானமும் அதில் சேரட்டும், அதை நிர்வகிக்கும் இடத்தில் சாகோஸ் மக்களே உட்காரட்டும். 'எங்களைக் கேட்காமலே ஒப்பந்தம் போட்டார்கள்' என்று இங்கிலாந்தின் கிராலியில் வாழும் சாகோஸ்காரர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயம்தான்.

அப்புறம் எபேன்காரர்களுக்கு ஒரு கேள்வி. எங்கள் சொந்த டாட் எம்யூவையே ஒரு தனியார் நிறுவனம்தான் நடத்துகிறது. அந்த வருமானம் எவ்வளவு, அதில் பொதுமக்களுக்கு என்ன பங்கு என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா?

"இரண்டெழுத்துக்கு இவ்வளவா?" என்று சிரித்தான் பையன். அவன் பிறப்பதற்கு முன், 1998இல், மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று நாங்கள் தெருவில் இறங்கினோம். நாட்டின் மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. இன்றும் தமிழ் மேலேதான் இருக்கிறது. பர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை நாள் கவனித்ததே இல்லையாம்.