மொஹாவி பாலைவனத்துக்குக் கிளம்பும் தோழிகளுக்கு

அமெரிக்காவின் லாஸ் வேகஸில் வாடகை வண்டி எடுத்து, பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவின் டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காக்களை மூன்று நான்கு நாள் சுற்றிவரலாம் என்று பெண்கள் நாலு பேர் சேர்ந்து முடிவெடுத்தால், வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி "கூட ஆம்பளை யாரும் வரலையா?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகிறீர்கள், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று யாருமே கேட்பதில்லை. டெத் வேலியில் அதிகம் பேர் உயிரை விடுவது, வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் தானாகக் கவிழும் ஒற்றை வண்டி விபத்துகளில்தான் என்று அந்தத் தேசியப் பூங்காவே எச்சரிக்கிறது. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1913 ஜூலையில் டெத் வேலிக்குள் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலக சாதனையாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. பயப்படுவதென்றால் சரியான விஷயத்துக்குப் பயப்படுவோம்.

அந்த விபத்து எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாலை நேராக, காலியாக, மைல் கணக்கில் ஓடும். வேகம் ஏறுவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் மலையைக் காட்டுகிறார், ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கிறார், வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தார்ச்சாலையை விட்டு ஜல்லியில் இறங்கிவிடுகின்றன. வண்டி தடதடவென்று ஆடியதும் பதறிப்போய் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்புகிறார். ஜல்லியில் வழுக்கிக்கொண்டிருந்த டயர் தார் விளிம்பில் ஏறியவுடன் பிடிமானம் கிடைத்து வண்டியை அப்படியே குறுக்கே இழுக்கிறது. எதிர்ப்பக்கம் பாயும், இல்லை உருளும். சக்கரம் இறங்கிவிட்டால் செய்ய வேண்டியது இதுதான்: ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக மேலே ஏற்றுங்கள். பின்சீட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லாரும் பெல்ட் போட வேண்டும். ஓட்டப்போகிற ஒவ்வொருவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் தினக் கட்டணம் கூடுதலாக வாங்கும். அதை மிச்சம் பிடிக்க ஒருவர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நாலு பேரும் மாற்றி மாற்றி ஓட்டினால், பெயர் இல்லாதவர் ஓட்டும்போது இடித்தால் காப்பீடு கிடைக்காமல் போகலாம்.

இனி தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர். மூன்று பேர் மூன்று நாள் என்றால் 36 லிட்டர். வண்டி நின்றுபோனால் இருக்கட்டும் என்று அதற்குமேல் ஒரு பத்து லிட்டர். ஒரே பெரிய கேனில் வேண்டாம், அது ஒழுகினால் எல்லாமே போச்சு. ஒரு கேலன் கேன்களாக வாங்கி, வெயில் படாத இடத்தில் துண்டு போட்டு மூடி வையுங்கள்.

தண்ணீர் இருந்தும் பெண்கள் குடிப்பதில்லை என்பதுதான் பெரிய பிரச்சினை. காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: ஒதுங்க இடம் இருக்காது என்கிற பயம். காலையிலிருந்து ரெண்டு மடக்கு மட்டும் குடித்துவிட்டு மத்தியானம் மணல்மேட்டில் நடந்தால் தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு என்று வரிசையாக வரும். ராத்திரி நீர்க்கடுப்பு தனி. ஆகவே கழிப்பறை இருக்கும் இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஃபர்னஸ் க்ரீக் பார்வையாளர் மையத்தில் நல்ல கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் உண்டு. எல்லாரும் பார்க்கப் போகும் ஸப்ரிஸ்கி பாயிண்ட், பேட்வாட்டர், மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேடு மூன்றிலும் தண்ணீர் இல்லாத குழிக் கழிப்பறை இருக்கிறது. நடுவழியில் அவசரம் என்றால், சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்தி, சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள முன்கதவு பின்கதவு இரண்டையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை மாதிரி மறைப்பு கிடைக்கும். ஒரு தோழி துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டால் மேலும் வசதி. உட்காரும் முன் செடியடியில் பாம்பு, தேள் இருக்கிறதா என்று பாருங்கள். டிஷ்யூ, நாப்கின் எதையும் புதைக்க வேண்டாம். வறண்ட மண்ணில் அது வருஷக்கணக்கில் மக்காமல் கிடக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு அடர்நிறப் பைக்குள் போட்டு, குப்பைத்தொட்டி வரும்வரை எடுத்துவாருங்கள். இந்த ஏற்பாடு கையில் இருந்தால் தைரியமாகக் குடிப்பீர்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும்வரை கவலையில்லை. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்தாகும். ஓஆர்எஸ் பொட்டலம், உப்புக் கடலை, சிப்ஸ் ஏதாவது கூடவே போகட்டும்.

கூட வந்தவள் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், தள்ளாடுகிறாள் என்றால் அது சாதாரண களைப்பு கிடையாது, ஹீட் ஸ்ட்ரோக். உடனே நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறல், அமெரிக்க அவசர உதவி எண்ணான 911க்கு அழைப்பு. அந்த நேரத்தில் குடிதண்ணீரைச் சேமிக்கக் கணக்குப் பார்க்காதீர்கள். ஹெலிகாப்டர் வந்து தூக்கிவிடும் என்றும் நம்பவேண்டாம். காற்று சூடாகி அடர்த்தி குறைந்தால் ஹெலிகாப்டரால் பறக்க முடியாது. 2024 ஜூலையில் 53 டிகிரி வெயிலில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் அங்கே இறந்த அன்று மருத்துவ ஹெலிகாப்டர் வர முடியாமல்போனதற்கு இதுதான் காரணம்.

ஆகவே எப்போது போவது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை: நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில்தான் லீவு என்றால் வேறு ஊர் பாருங்கள். பிடிவாதமாகப் போனாலும் தாழ்வான பகுதிகளில் காலை 10 மணிக்கு மேல் நடக்காதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் வெள்ளமும் உண்டு. மழை எங்கோ மலையில் பெய்யும், தண்ணீர் இங்கே சாலையைக் கடந்து ஓடும். 2023 ஆகஸ்ட் புயல்மழையில் அடைபட்ட பூங்கா அக்டோபர் நடுவில்தான் திறந்தது. சாலைமேல் ஓடும் தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். நின்று, திரும்பி, வந்த வழியே போய்விடுங்கள். குளிர்காலத்தில் பார்க்க வேண்டியது வேறு: டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஐந்து மணிக்கு அறையில் இருக்கும்படி அன்றைய திட்டத்தைப் போடுங்கள்.

வழிக்கு வருகிறேன். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது: வேகஸிலிருந்து 160ஆம் சாலையில் பாரம்ப், சுமார் 60 மைல். அங்கே டேங்கை நிரப்பி, ஐஸ், தண்ணீர் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து டெத் வேலி ஜங்ஷன் வந்து 190ஆம் சாலை பிடித்தால் இன்னொரு 60 மைலில் ஃபர்னஸ் க்ரீக். பூங்காவுக்குள் ஃபர்னஸ் க்ரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ், பனமிண்ட் ஸ்ப்ரிங்ஸ் மூன்று இடத்தில்தான் பெட்ரோல் கிடைக்கும், விலையும் அதிகம். பாதி டேங்குக்குக் கீழே முள் இறங்க விடாதீர்கள். பேட்வாட்டர் தெற்கே 17 மைல். பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். மேப்பில் அந்தச் சாலை தெற்கே ஷோஷோன் வரை போவது தெரியும், ஆனால் ஆளரவம் மிகக் குறைவு. ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரிப்படுகைப் பக்கம் வாடகை செடானில் போகவே போகாதீர்கள். 27 மைல் கூர்ங்கல் பாதை, டயரைக் கிழிக்கும். மண்பாதையில் ஓட்டினால் வாடகை ஒப்பந்தமும் துணைக்கு வராது.

டெத் வேலியிலிருந்து ஜோஷுவா ட்ரீ போக ஜிபிஎஸ் காட்டும் குறுக்குவழி, பேக்கர் என்ற சிற்றூரிலிருந்து கெல்பேக்கர் சாலையில் மொஹாவி சரணாலயத்துக்குள் புகுந்து, ஆம்பாய் வழியாக ட்வென்டிநைன் பாம்ஸ். அழகான பாதைதான், மறுக்கவில்லை. சுமார் 120 மைல், சரணாலயத்துக்குள் பெட்ரோல் இல்லை, சிக்னலும் பெரும்பாலும் இல்லை, வெள்ளத்தில் அடிக்கடி பழுதாகும் சாலை. முதல் தடவைக்கு வேண்டாம். பேக்கரிலிருந்து பெருவழியான 15இல் பார்ஸ்டோ வந்து, 247ஆம் சாலையில் லுசர்ன் வேலி, யக்கா வேலி என்று ஊர்கள் வழியாக இறங்குங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள்ளும் பெட்ரோல் கிடையாது, தண்ணீரும் பூங்காவின் விளிம்பில் சில இடங்களில் மட்டும்தான்.

ஜிபிஎஸ்ஸை நான் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்றால், சுரங்கக்காரர்கள் எப்போதோ விட்டுப்போன தடங்களையும் அது சாலை என்று காட்டும். 2009 ஆகஸ்ட்டில் ஜிபிஎஸ் சொன்ன தடத்தில் போய் மணலில் மாட்டிக்கொண்ட ஒரு தாயை ஐந்து நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது அவருடைய சிறு மகன் இறந்திருந்தான். 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நாலு பேர் வாடகை வேனோடு காணாமல்போனார்கள். வேன் அந்த அக்டோபரிலேயே டயர் கிழிந்து நின்ற நிலையில் கிடைத்தது. வண்டியை விட்டு நடந்து போனவர்களின் எலும்புகள் கிடைக்க 2009 ஆனது. மேலேயிருந்து தேடுகிறவர் கண்ணுக்கு வண்டி தெரியும், நடக்கிற ஆள் தெரியமாட்டார். ஆகவே வண்டி நின்றால் வண்டியோடு இருங்கள். பானெட்டைத் தூக்கிவையுங்கள். உள்ளே வேகும், அதனால் வண்டியின் நிழலில் உட்காருங்கள், ஆனால் வெறுந்தரையில் வேண்டாம். ஃபர்னஸ் க்ரீக்கில் 1972இல் தரையின் சூடு 94 டிகிரி அளந்திருக்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும் கால்மிதியை எடுத்து மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருங்கள்.

வண்டி வாங்கும் இடத்திலேயே டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். இப்போது நிறைய வண்டிகளில் ஸ்டெப்னியே இருப்பதில்லை, ஒட்டுத்திரவமும் சின்னக் காற்றுப் பம்பும் மட்டும் வைத்திருப்பார்கள். ஆணி குத்திய ஓட்டைக்கு அது போதும், டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றுக்கும் உதவாது. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் உள்ள வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். டயர் காற்றைக் காலையில் வண்டி ஓடுமுன் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு, டயர்மேல் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு. காற்று குறைந்த டயர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கும். டவுன்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாக வையுங்கள், அது எஞ்சின் சூட்டை இழுக்கும். அப்புறமும் ஏறினால் ஓரம்கட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஸ்டோவ்பைப் வெல்ஸ் பக்கம் இறங்கும்போது சுமார் 1,500 மீட்டர் சரிவு, கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கிலேயே கால் வைக்காதீர்கள்.

மனிதர்கள் விஷயம். நின்ற வண்டியைப் பார்த்து நிறுத்துகிறவர்களில் பெரும்பாலானவர்கள் உதவத்தான் வருவார்கள். அந்த நேரத்தில் வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டி, கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கிப் பேசுங்கள். அவர் வண்டியில் ஏறிப்போக வேண்டாம். இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், எத்தனை பேர், வண்டி நிறம், என்ன கோளாறு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்து, சிக்னல் வந்ததும் 911க்குச் சொல்லச் சொல்லுங்கள். இதற்காக ஒரு நோட்டும் பேனாவும் முன்னாலேயே இருக்கட்டும். தங்கும் அறை எது என்று அன்றே படம் போட்டு ஊருக்குச் சொல்லாதீர்கள், கிளம்பிய பிறகு போடலாம். மிளகு ஸ்ப்ரே வைத்திருப்பவர்கள் அதை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுப்போகாதீர்கள், 49 டிகிரிக்கு மேல் டப்பா வெடிக்கும் அபாயம் உண்டு. கருத்தடை மாத்திரை, இன்சுலினையும் சூடான வண்டிக்குள் விடாமல் கூடவே எடுத்துப் போங்கள். கண்ணாடிமேல் ஒட்டிய போன் சூடாகி அணைந்துவிடும், ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் வசதி உண்டு. ஊரில் இருக்கும்போதே அதன் செயல்விளக்கத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தாக்கின் இடுக்கில் அது வேலை செய்யாமல் போகலாம், திறந்த வானம் வேண்டும்.

கடைசியாக, தினம் சாயங்காலம் தகவல் சொல்ல ஓர் ஆள். அது அம்மாவாக இருக்க வேண்டாம். ஊரிலிருந்து 911ஐ அழைத்தால் அமெரிக்காவுக்குப் போகாது. அமெரிக்காவிலேயே வேறு மாநிலத்தில் இருக்கும் தோழி அழைத்தாலும் அது அவள் ஊர் அலுவலகத்துக்குத்தான் போகும். அமெரிக்காவில் இருக்கும் பொறுப்பான ஒருவரைப் பிடியுங்கள். வண்டி எண், நிறம், நாள்வாரியாகப் போகும் சாலைகள், தங்கும் இடங்கள் எல்லாவற்றையும் அனுப்பிவையுங்கள். ஷெரிஃப் என்றால் அந்த மாவட்டக் காவல்துறைத் தலைவர். டெத் வேலிக்கு இன்யோ மாவட்ட ஷெரிஃப், பேக்கர், பார்ஸ்டோ, ட்வென்டிநைன் பாம்ஸ் பக்கத்துக்கு சான் பெர்னார்டினோ மாவட்ட ஷெரிஃப், இரண்டு அலுவலகங்களின் நேரடி எண்ணையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். "ஆறு மணிக்குள் செய்தி வரும். எட்டு மணிவரை வராவிட்டால் எங்களைத் தேடிக்கொண்டிருக்காதே, அந்த எண்ணுக்குப் போடு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.