அக்கா சொன்னது அது இல்லை

செயற்பாட்டாளர்களை அரசு நசுக்குகிறது என்று எழுதிய அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரையை நான்கு நாளாக எல்லாரும் பகிர்கிறீர்கள். படத்தில் இருக்கும் அக்காவிடம் அந்த நிருபரைக் கூட்டிப்போனவன் நான். பேச்சை மொழிபெயர்த்ததும் நான்தான். அக்கா சொன்னது அது இல்லை.

விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடற்பாசி பறிக்கிற கை அது. "தீவுப் பக்கம் போனா விரட்டுறாங்க தம்பி, நாங்க எங்க போவோம்?" என்றுதான் கேட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து இழுக்கிற பிரச்சினை. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்கு இறங்குவது என்று அந்தப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்ததையும் அரை மணி நேரம் சொன்னார். அதில் ஒரு வரி வரவில்லை. செயற்பாட்டாளர்களை அரசு நசுக்குகிறது, கடற்கரையே பயந்து கிடக்கிறது என்பதற்கு அவர் முகத்தைப் போட்டுவிட்டார்கள்.

நெருக்கடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திய சின்ன அமைப்புக்கு அப்படித்தான் பணம் வந்தது. ஆறு வருடம் அங்கே பாடம் எடுத்தேன். பூட்டிய அன்று தூக்கிவந்த கரும்பலகை இன்னும் என் வீட்டுத் திண்ணையில் சாத்தியிருக்கிறது. அதை எழுத ஒருவரும் வரவில்லை.

அப்புறம், எல்லாம் 2014-க்குப் பிறகு ஆரம்பித்தது போல எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் முதலில் வந்தது 1976-இல், நெருக்கடி நிலையின்போது. 2010-இல் அதைப் புதிதாகக் கொண்டுவந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. 2012-இல் கூடங்குளம் எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னவர் மன்மோகன் சிங். இடிந்தகரையில் ஆயிரக்கணக்கான பேர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அவர்களும் நம்மைப் போலக் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள்தானே? இதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான்.

'அப்படியானால் நீ அரசின் ஆளா' என்று கேட்பீர்கள். அந்தக் கரும்பலகையை வந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

'அவர்களாவது எழுதுகிறார்களே' என்பீர்கள். சரி, 2020-இல் அரசு வங்கிக் கணக்குகளை முடக்கியதால் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு இந்தியாவில் வேலையை நிறுத்தியபோது உலகம் முழுக்கச் சொன்னவர்கள் அவர்கள்தான். மறுக்கவில்லை. ஆனால் எழுதியவர் விமானம் ஏறிவிட்டார். நாளைக்கு ரோந்துப் படகுக்கு முன்னால் நிற்கப்போவது அக்கா. பாசி பறித்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவரை அரசை எதிர்க்கிறவர் என்று ஊருக்கே காட்டியாயிற்று. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

அக்காவின் மகன் கட்டுரையைக் கைப்பேசியில் தமிழாக்கிப் படித்துக் காட்டியிருக்கிறான். "நான் இப்படியா தம்பி சொன்னேன்? நீயும் கூடத்தான இருந்த?" என்று போனில் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றிலிருந்து அவர் கடலுக்குப் போகவில்லை.

திருத்தச் சொல்லி நிருபருக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. பகிர்ந்தவர்கள் அக்கா படத்தையாவது எடுத்துவிடுங்கள்.