முயல் கத்தவில்லை, அதனால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை

விலங்குகளை வைத்து மருந்து சோதிப்பதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் கேள்வி கேட்ட வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அதனால் நடந்ததைத் திரும்பச் சொல்லவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி. வேறு வழி இருக்கிற இடத்திலும் எதற்கு விலங்கை வைத்துச் சோதிக்க வேண்டும்? மேடையில் இருந்தவர் சொன்னார், "எலிக்குப் பாவம் பார்த்தா மனுசனுக்கு மாத்திரை கிடைக்காதும்மா." அரங்கமே சிரித்தது.

எல்லாச் சோதனையையும் நாளைக்கே நிறுத்தச் சொல்லவில்லை. தேவையில்லாததை நிறுத்துங்கள் என்கிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் பார்மசி படித்தவள். பிராக்டிகலில் முயலின் ஒரு கண்ணில் அட்ரோபின் விட்டு, மறு கண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மருந்து விட்ட கண்ணின் பாவை விரியும். டார்ச் அடித்தாலும் சுருங்காது. முயலை நான்தான் பிடித்திருந்தேன். சேலைக்கு மேல் போட்டிருந்த வெள்ளை கோட்டைத் தாண்டி அதன் இதயத் துடிப்பு என் வயிற்றில் தெரிந்தது. சத்தமே போடவில்லை. அந்தப் பிராக்டிகலின் முடிவை முந்தின நாள் ராத்திரியே சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி முடித்திருந்தோம். எழுதிய பிறகுதான் முயலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடை தெரிந்த கேள்விக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு உயிரா? புதுச்சேரி ஜிப்மரில் உருவாக்கிய மென்பொருளில் இதே பாடத்தைக் கணினியிலேயே படிக்கலாம்.

அழகுப் பொருள்களைச் சோதிக்கவும் முயலின் கண்தான் பயன்பட்டது. 1944இல் ட்ரெய்ஸ் என்பவர் வகுத்த, பொருளை முயலின் கண்ணில் விட்டு எரிச்சல் வருகிறதா என்று பார்க்கிற சோதனை அது. முயலுக்குக் கண்ணீர் குறைவு, விட்டது கழுவிப் போகாது, அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவில் 2014இல் அழகுப் பொருள்களுக்கு இந்தச் சோதனையைத் தடை செய்தார்கள். அதற்கப்புறம் நாம் யாராவது ஷாம்பு கிடைக்காமல் தவித்தோமா?

"சிம்மக்கல்லில் கறிதோசை தின்கிறவள்தானே நீ?" என்று வீடியோவைப் பார்த்த ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், தின்கிறேன். அதனால் முயலின் கண்ணைப் பற்றிப் பேசக்கூடாதா? ஜல்லிக்கட்டை இந்தப் பேச்சுக்குள் இழுத்தவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

இன்னொருவர் 1937ஐ நினைவுபடுத்தினார். அவர் சொன்னது நியாயம். அமெரிக்காவில் எந்த விலங்கிலும் சோதிக்காமல் விற்ற சல்ஃபானிலமைடு என்ற ஒரு கிருமிக்கொல்லி மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் கலந்திருந்தது, 100 பேருக்கு மேல் செத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2006இல் லண்டனில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். குரங்குகளுக்கு ஒன்றும் செய்யாத மருந்து, அதைப் போட்டுக்கொண்ட ஆறு பேரையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தது. விலங்கு தாங்கினால் மனிதனும் தாங்குவான் என்று உறுதியில்லை. 2023இல் நம் அரசாங்கமே புது மருந்து விதிகளைத் திருத்தி, மனிதச் செல்லிலும் கணினியிலும் செய்கிற சோதனைகளுக்கு இடம் கொடுத்துவிட்டது. நான் கேட்டதும் இதைத்தான். விதியில் வந்தது லேபுக்கு எப்போது வரும்?

சரி, "உன் வீட்டுக்கு ஒன்று என்றால் தெரியும்" என்கிறார்களே, அவர்களுக்கு. என் வீட்டுக்கு வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் காட்டில் அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. கால் தொடை வரை வீங்கிவிட்டது, ஈறில் ரத்தம் கசிந்தது. பாட்டில் பாட்டிலாக விஷமுறிவு மருந்து ஏற்றித்தான் பிழைத்தார். அது குதிரையிடமிருந்து வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடம்பு எதிர்ப்பு உண்டாக்கியதும் ரத்தத்தை எடுத்துப் பிரிக்கிறார்கள். அந்தக் குதிரை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். என் அப்பா எனக்கு வேண்டும்.

வார்டில் ஒரு நர்ஸக்கா இதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து சித்திரைத் திருவிழாவில் அழகர் குதிரை வாகனத்தில் வரும்போது, சாமியைக் கும்பிட்டுவிட்டு, கீழே குனிந்து குதிரைக்குத் தனியாக ஒரு கும்பிடு போடுவார். பள்ளிக்கூடம் போகாத மனுஷர். ஒரு உயிரிடம் வாங்கினோம் என்று அவருக்குத் தெரிகிறது. படித்தவர்கள் நிறைந்த அந்த அரங்கத்துக்குத் தெரியவில்லை.

அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். எல்லாரும் சிரிக்கும்போது வலது ஓரத்தில் ஒரு வயதானவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போவார். அவர்தான் என் அப்பா.