1947-ல் டாலர் விலை 3 ரூபாய் 5 அணா

ஆகஸ்ட் 15 நெருங்கினால் வாட்ஸ்அப்பில் தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. "சுதந்திரம் வாங்கியபோது ஒரு ரூபாய்க்கு ஒரு டாலர். இன்று பார்த்தீர்களா?" ஆட்சி மாறினால் இதைப் பகிர்கிற கட்சியும் மாறும், படம் மட்டும் மாறாது. நன்றாகப் படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். தகவல் பொய் என்பதோடு, நம் நாட்டில் இதற்காக நடந்த ஒரு பெரிய சண்டையையே அது மறைத்துவிடுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அன்று ரூபாய்க்கு டாலரோடு நேரடி உறவே கிடையாது. பிரிட்டிஷ் பவுண்டோடுதான் கட்டிவைத்திருந்தார்கள். 1927-ல் வந்த சட்டப்படி ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். வகுத்துப் பாருங்கள், ஒரு பவுண்டு 13.33 ரூபாய். அன்றைய பவுண்டு 4.03 டாலர். அப்படியென்றால் ஒரு டாலர் ஏறத்தாழ 3.31 ரூபாய், பழைய கணக்கில் 3 ரூபாய் 5 அணா (ஒரு ரூபாய்க்கு 16 அணா). பன்னாட்டு நிதியத்தில் 1946 டிசம்பரில் பதிவானதும் இதே மதிப்புதான்.

"அப்போது நமக்குக் கடனே இல்லை, அதனால்தான் ஒன்றுக்கு ஒன்று" என்றும் சேர்த்து எழுதுவார்கள். இரண்டாம் உலகப்போரின்போது இங்கிருந்து வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன்தான் நமக்கு 100 கோடிப் பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது, உண்மை. ஆனால் கடன் இல்லாத நாட்டின் பணம் டாலருக்குச் சமமாக இருக்கும் என்று எந்தப் பொருளாதாரத்திலும் விதி இல்லை.

சரி, அந்த 18 பென்ஸ் எங்கிருந்து வந்தது? 1835-லிருந்து ரூபாய் என்பது ஒரு தோலா (சுமார் 11.7 கிராம்) எடையுள்ள வெள்ளி நாணயம். வெள்ளிக்கு என்ன விலையோ அதுதான் ரூபாயின் மதிப்பு. 1870-கள் வரை ஏறக்குறைய 2 ஷில்லிங் இருந்தது. அப்புறம் ஜெர்மனி தங்கத்துக்கு மாறியது, அமெரிக்கச் சுரங்கங்களில் வெள்ளி வந்து குவிந்தது, ரூபாய் சரிந்துகொண்டே போனது. இந்திய அரசோ ஆண்டுதோறும் லண்டனுக்குப் பவுண்டில் பணம் கட்ட வேண்டியிருந்தது: ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷன், ரயில்வே கடன் வட்டி, லண்டன் அலுவலகச் செலவு. ரூபாய் இறங்க இறங்க அதற்காக இங்கே கூடுதலாக வரி பிடுங்க வேண்டும். அதனால் 1893-ல் யார் வெள்ளி கொண்டுவந்தாலும் நாணயம் அடித்துத் தரும் வழக்கத்தை நிறுத்தினார்கள். புது ரூபாய் வரத்து குறைய, சில ஆண்டுகளில் ரூபாயை 16 பென்ஸில் நிலைநிறுத்தினார்கள். தங்கச் சவரன் ஒன்றுக்கு 15 ரூபாய். நம் நகைக்கடைகளில் இன்றும் எடை சொல்கிறோமே, அதே சவரன்.

முதல் உலகப்போரில் எல்லாம் கலைந்தது. 1926-ல் இந்திய நாணய முறையை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த ஹில்டன் யங் ஆணையம் 18 பென்ஸ் என்று பரிந்துரைத்தது. அந்த ஆணையத்திலேயே இருந்த பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் 16 பென்ஸ்தான் வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். கவனியுங்கள், இந்தியர் கேட்டது ரூபாயின் மதிப்பைக் குறைத்து வைக்கச் சொல்லி.

ஏன் என்று ஒரு பருத்தி விவசாயி பக்கம் நின்று பார்த்தால் புரியும். அவருடைய பருத்தி இங்கிலாந்தில் ஒரு பவுண்டுக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 பென்ஸ் கணக்கில் அது இங்கே 15 ரூபாய். 18 பென்ஸ் கணக்கில் 13 ரூபாய் 5 அணா 4 தம்பிடி (ஓர் அணாவுக்கு 12 தம்பிடி). அவர் கட்டவேண்டிய நிலவரிக் கிஸ்தியும் வட்டிக்கடைக்காரர் பாக்கியும் ஒரு தம்பிடி குறையாது. அதே நேரம் மான்செஸ்டர் துணி இங்கே மலிவாக வந்து இறங்கும். "வலுவான ரூபாய்" என்பது அன்று யாருக்கு வலுவாக இருந்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1930 ஜனவரியில் காந்தி வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரி ரத்து இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதே பட்டியலில், மதுவிலக்குக்கும் நிலவரிக் குறைப்புக்கும் நடுவே, ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு இறக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. கடைசிவரை அது நிறைவேறவில்லை. 18 பென்ஸோடுதான் சுதந்திரம் வந்தது. எதை இறக்கச் சொல்லிப் போராடினார்களோ, அதையே பொற்காலம் என்று நாம் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

1949 செப்டம்பரில் பவுண்டு 2.80 டாலராக விழுந்தது. ரூபாயும் கூடவே இறங்கி டாலர் 4.76 ஆனது. பாகிஸ்தான் இறங்க மறுத்தது. அதுவரை ஒன்றுக்கு ஒன்றாக இருந்த இரண்டு ரூபாயும் பிரிந்து, 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றானது. இந்தியா அதை ஏற்கவில்லை. சணல் விளையும் வயல்கள் அன்று பாகிஸ்தானில் இருந்த கிழக்கு வங்காளத்தில், ஆலைகள் இந்தியாவில் கல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆற்றங்கரையில், நடுவே வர்த்தகம் முறிந்தது. கௌரவத்துக்காக ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் முதலில் அடிபடுவது யார் என்பதற்கு அந்தச் சணல் விவசாயிகளே சாட்சி. பாகிஸ்தான் விகிதத்தை இந்தியா ஏற்க 1951 ஆனது. 1955-ல் பாகிஸ்தானும் மதிப்பைக் குறைத்தது.

இலங்கை ரூபாயும் நம் ரூபாயும் சமமாக இருந்த காலமும் உண்டு. 1966 ஜூன் 6-ல் இந்திரா காந்தி அரசு டாலரை 4.76-லிருந்து 7.50-க்குக் கொண்டுபோனதும் அது முடிந்தது. 1991 ஜூலையில் இரண்டே நாள் இடைவெளியில் இருமுறை குறைத்தார்கள். 1993-லிருந்து சந்தைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது, ரிசர்வ் வங்கி அவ்வப்போது தலையிடுகிறது.

ரூபாய் சரிவது நல்லது என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலுக்கும் சமையல் எண்ணெய்க்கும் டாலரில் பணம் கட்டும் நாட்டில் அது ஏழை வீட்டு அடுப்பு வரை வந்து சேரும். திருப்பூர் ஏற்றுமதியாளருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்கவைப்பவருக்குக் கை கடிக்கும். எந்தக் கட்சியின் நிதியமைச்சரையும் கேட்கவேண்டியது இதைத்தான்: இந்தச் சரிவில் யாருக்கு எவ்வளவு போகிறது, இழப்பவர்களுக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?