'கியர் இல்லாத வண்டி' என்ற பேச்சை முதலில் விடுவோம்

ஸ்கூட்டரைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் பேச்சிலேயே வண்டிக்கு அதிகக் கெடுதல் செய்வது 'கியர் இல்லாத வண்டி' என்பதுதான். சேத்தக்கில் இடது கைப்பிடியைத் திருகித் திருகி கியர் போட்டவர்களுக்கு, 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தபோது அப்படித் தோன்றியதில் தப்பில்லை. ஆனால் கையால் மாற்றுகிற கியர்தான் அதில் இல்லை. ஆக்டிவாவோ ஜூபிட்டரோ ஆக்சஸோ, இடது பக்கத்து நீளப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ரப்பர் பெல்ட், இரண்டு புல்லி, பொதுவாக ஆறு ரோலர், ஒரு கிளட்ச் இருக்கும். அதற்கும் பின்னால், சக்கரத்தை ஒட்டி, ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும் பற்சக்கரங்கள் இருக்கும். அதற்குத் தனி ஆயில் உண்டு. கியரே இல்லை என்று நம்புகிற வீட்டில் கியர் ஆயில் மாற்ற யாருக்கும் தோன்றாது. சர்வீஸுக்கு விட்டால் மாற்றிவிடுவார்கள் என்றும் நம்ப வேண்டாம். பில்லை எடுத்துப் பாருங்கள், 'இன்ஜின் ஆயில்' மட்டும்தான் இருக்கும்.

அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கியர் ஆயில் பிடிக்கும் அளவு மிகக் குறைவு, பெரும்பாலான 110 சிசி வண்டிகளில் 100 முதல் 120 மில்லி. சரியான அளவும் கிரேடும் வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், இடது பக்கம், மேலே ஒரு போல்ட்டும் அடியில் ஒரு போல்ட்டும் தெரியும். முதலில் மேல் போல்ட்டைத் தளர்த்துங்கள். அடி போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு, பிறகு மேல் போல்ட் வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வடிந்து முடிய பத்து நிமிடம் விடுங்கள். அடி போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சில் சிறு குழாயைச் செருகி, அளந்து ஏற்றுங்கள். கேஸ் அலுமினியம் என்பதால் போல்ட்டை வெறிகொண்டு முடுக்கினால் மரை போய்விடும்.

'கூட ஊற்றினால் நல்லதுதானே' என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியேறும். ஒரு பக்கம் கசிந்தால் பின் டிரம்முக்குள் போய் பிரேக் லைனர் நனையும், பிரேக் பிடிக்காது. மறுபக்கம் கசிந்தால் பெல்ட் பெட்டிக்குள் போகும், பெல்ட் வழுக்கும். பின் பிரேக் திடீரென்று வலுவிழந்தால் லைனர் மாற்றுவதற்கு முன் அந்தச் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். வேகமாகப் போகும்போது பின்னாலிருந்து 'ங்ங்' என்று ஒரே சீராக ஒலி வந்து, ரேஸை விட்ட பிறகும் தொடர்ந்தால், ஆயில் தீர்ந்திருக்கலாம் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். என் கணக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுதான்.

அடுத்தது பெல்ட். இது அறுந்தால் வண்டி நகராது, இன்ஜின் மட்டும் கத்தும். அறுவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். ரேஸ் கொடுத்தால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருக்கலாம். கிளம்பும்போது வண்டி முழுவதும் உதறினால் கிளட்ச் ஷூ வழவழத்துப்போயிருக்கும் அல்லது தூசி அடைந்திருக்கும். மெதுவாகப் போகையில் இடது பக்கம் கடகடவென்றால் ரோலர்கள் உருண்டை போய் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். சிக்னலில் ரேஸ் கொடுக்காமலே வண்டி முன்னே இழுத்தால் ஐட்லிங் கூடுதலாக வைத்திருக்கிறார்கள், இல்லை கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே, 'எல்லாத்தையும் மாத்தணும்' என்ற பேச்சுக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

பெல்ட் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்ப்பது வீட்டில் முடியும். போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். பெல்ட்டின் உட்புறப் பற்களுக்கு நடுவே வெடிப்பு இருக்கிறதா, ஓரம் பிசிறியிருக்கிறதா பாருங்கள். கறுப்புத் தூளைத் துணியால் துடையுங்கள், வாயால் ஊத வேண்டாம். கிரீஸ், ஸ்பிரே, ஆயில் எதுவும் அங்கே படக் கூடாது; உலர்ந்த உராய்வில்தான் அந்தப் பெட்டி வேலை செய்கிறது. வேரியேட்டர், அதாவது ரோலர்கள் இருக்கும் முன் புல்லி, அதன் நட்டைக் கழற்றுவதை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். அதற்குப் புல்லியைப் பிடித்துக்கொள்ளும் கருவி வேண்டும். அது இல்லாமல் புல்லியில் உள்ள ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நிறுத்துகிறார்கள், இறக்கை உடைகிறது. அப்படிச் செய்கிற கடையில் வண்டியை விடாதீர்கள். ரோலரை மாற்றினால் ஆறையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஓட்டும் முறையிலும் கிளட்ச்சின் ஆயுள் இருக்கிறது. மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னலுக்காக நிற்கும்போது, பிரேக்கைப் பிடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ரேஸ் கொடுத்தே வண்டியை நிறுத்தி வைப்பதைத் தினமும் பார்க்கலாம். அந்த நேரமெல்லாம் கிளட்ச் ஷூ பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தீய்கிறது. கேஸ் சிலிண்டரைக் காலடியில் வைத்துப் போகும்போது இன்னும் மோசம், கூடவே ஹேண்டில் முழுதாகத் திரும்பாது.

ஏற்காடு, கொடைக்கானல் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த கிளட்ச் இன்ஜினின் சுழற்சியால் பிடிக்கிறது. வேகம் நன்றாகக் குறைந்தால் தானாக விட்டுவிடும், அப்போது இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குக் கிடைக்காது. இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்தால் முழு எடையும் சிறிய டிரம் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய லைனர் பிடிக்காது. இன்ஜினை ஓடவிடுங்கள்; வண்டி மிகவும் மெதுவாகி இழுவை விட்டுப்போனால் லேசாக ரேஸ் கொடுத்து கிளட்ச்சைப் பிடிக்கவைத்து, பிறகு விடுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

பிரேக் என்றதும் இன்னொன்று. 125 சிசி வரையான புது வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சம் காம்பி பிரேக்காவது கட்டாயம். இடது லீவரைப் பிடித்தால் பின்னோடு முன்னும் ஓரளவு பிடிக்கும். அதற்காக வலது கையைச் சும்மா வைக்கலாம் என்று பொருளில்லை, இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் முழு நிறுத்தம். இடது லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா அசைய வேண்டும். அதற்கு மேல் போனால் பின்சக்கரத்துப் பக்கம் பிரேக் கேபிளின் முனையில் உள்ள நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உரசினால் ஒரு அரைச் சுற்று திரும்பி வாருங்கள். டிரம் பக்கத்து அம்புக்குறி எதிரே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் திருகிப் பயனில்லை, லைனர் முடிந்தது.

காற்று விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பங்க்கில் 'எவ்வளவு' என்று கேட்காமலே இரண்டுக்கும் 30, 35 அடித்துவிடுகிறார்கள். ஆக்டிவாவுக்கு முன்சக்கரம் 22 பிஎஸ்ஐ, பின்சக்கரம் தனியாகப் போனால் 29, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36. முன்சக்கரத்தில் 35 அடித்தால் டயர் தரையைத் தொடும் இடம் சுருங்கிவிடும். மழையில் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கி விழும் ஆபத்து அதனால் கூடும். வீட்டில் ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

இன்ஜின் ஆயில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் இரண்டு சங்கதி. ஒன்று, மொத்தம் ஒரு லிட்டர்கூடப் பிடிக்காத இன்ஜினில் 200 மில்லி குறைந்தால் அது பெரிய குறை. மாதம் இருமுறை பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, குச்சியைத் துடைத்துச் செருகுங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் மரையைத் திருகாமல் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும், திருகினால் கூடுதலாகக் காட்டும். இரண்டு, பைக்குக்குப் போடும் எம்ஏ2 ரக ஆயில் ஸ்கூட்டருக்குத் தேவையில்லை. பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள் இருக்கிறது, அதனால் வழுக்காத ஆயில் வேண்டும். நம் கிளட்ச் வெளியே உலர்ந்து நிற்கிறது. பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு டப்பாவில் எம்பி (MB) என்று அச்சிட்ட 10டபிள்யூ-30 போதும். பள்ளிக்கும் கடைக்கும் ஒன்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறாது, ஈரம் ஆயிலிலேயே தங்கும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸரில் ஊதித் திரும்பப் போடுவது பல கடைகளில் வழக்கம். ஆயிலில் நனைத்த காகித ஃபில்டரை ஊதக் கூடாது, கழுவவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஊதினால் அந்த ஆயில் பூச்சு போய், தூசி இன்ஜினுக்குள் நேராகப் போகும்.

பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் குறைகிறது. இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புது பேட்டரி வாங்கியும் பலனில்லை. 2020க்குப் பின் வந்த ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பேட்டரி முழுதாகச் செத்திருந்தால் எத்தனை உதை உதைத்தாலும் கிளம்பாமல் போகலாம்.

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் பல, தண்ணீர் வடிந்த பிறகுதான் கெட்டன. 'ஸ்டார்ட் ஆகுதா பார்க்கலாம்' என்று செல்ஃபை அழுத்தியதுதான் காரணம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். சாவியே போடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, தள்ளிக்கொண்டு போங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, இன்ஜின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் வடித்து, ஏர் ஃபில்டரை மாற்றி, பெல்ட் பெட்டியைத் திறந்து உலர்த்திய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வடிந்த ஆயில் பால் போட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்போது புது ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி மாற்ற வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை: சீட்டைத் தூக்கி, டிக்கி மூடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பெல்ட், ஏர் ஃபில்டர் என்று நான்கு வரி எழுதி, கடைசியாக மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பக்கத்தில் குறியுங்கள். எந்த வரிக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லையோ, இந்த ஞாயிற்றுக்கிழமை அதில் தொடங்குங்கள்.